ஆதன்: அரிதான ஓர் ஆண் பெயரின் வேரையும் புழக்கத்தையும் தேடுவது எப்படி

யாரும் வைக்காத பெயராக இருக்க வேண்டும், அதே சமயம் நேற்று முளைத்த பெயராகவும் இருக்கக் கூடாது என்று தேடுகிறவர்கள் வந்து நிற்கும் பெயர்களில் ஆதன் ஒன்று. வைப்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: பெயர் எங்கிருந்து வந்தது, இன்று எத்தனை பேருக்கு இருக்கிறது. குழந்தைப் பெயர்ப் பட்டியல்களை நம்பி இரண்டையும் முடிவு செய்ய முடியாது. ஒரு பட்டியலில் 'ஆதன் = சூரியன்' என்று இருந்தால் அவர்கள் ஆதவனோடு குழப்பிக்கொண்டார்கள் என்று பொருள். 'முதல்வன்' என்று இருந்தால் ஆதியோடு.

முதலில் பழைய நூல்களில் தேடுங்கள். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் இரண்டிலும் சங்க நூல்கள் முழுதாகக் கிடைக்கின்றன. தேடல் பெட்டியில் 'ஆதன்' என்று அடித்தால் பாதிதான் வரும். 'ஆதனும்', 'ஆதனுங்கன்' போன்றவை சிக்காது. அவற்றில் ன-வின் மேல் புள்ளி இல்லை, உகரம் ஏறியிருக்கிறது; கணினிக்கு அது வேறு எழுத்துக்கோவை. எனவே புள்ளியை விட்டுவிட்டு 'ஆதன' என்று தேடுங்கள். ஆசனத்தைக் குறிக்கும் 'ஆதனம்' கூடவே வரும், கையால் நீக்கிக்கொள்ளலாம்.

அடுத்த சிக்கல் கூட்டுப் பெயர்கள். சேரலாதன், வாழியாதன் என்பவற்றில் ஆ தனி எழுத்தாக இல்லை, துணைக்காலாகிவிட்டது. 'லாதன', 'யாதன', 'னாதன' என்று முன் மெய்யோடு சேர்த்துத் தனித்தனியாகத் தேட வேண்டும். சோம்பேறித்தனமாகத் துணைக்காலோடு மட்டும் தேடினால் நாட்டில் உள்ள விசுவநாதன், சுவாமிநாதன் எல்லாரும் வந்து நிற்பார்கள். சந்தி பிரித்த பதிப்பு, பிரிக்காத பதிப்பு இரண்டிலும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

கிடைப்பதை எண்ணும்போது ஆட்களை எண்ணுங்கள், வரிகளை அல்ல. ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாட்டும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றே தொடங்குகின்றன. பத்து முறை வந்தாலும் கணக்கில் ஓர் ஆள்தான். அப்படி எண்ணினாலும் பட்டியல் வலுவாகவே இருக்கிறது: பதிற்றுப்பத்தில் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், செல்வக் கடுங்கோ வாழியாதன், புறநானூற்றில் ஆதனுங்கன், எழினியாதன், ஆதன் அழிசி, ஆதன் ஓரி. கடைசி இரண்டையும் படிக்கும்போது கவனம் வேண்டும். தந்தை பெயரை முன்னால் வைக்கும் வழக்கப்படி பார்த்தால் பேசப்படும் ஆட்கள் அழிசியும் ஓரியும். ஆதன் அவர்கள் அப்பாவின் பெயர். இன்று இனிஷியல் போடுகிறோமே, அதே ஒழுங்கு.

இந்தப் பெயர் ஒளிந்திருக்கும் இன்னோர் இடத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில், புள்ளிமயங்கியலில், 'ஆதனும் பூதனும்' என்று தொடங்கும் ஒரு நூற்பா உண்டு. ஆதன் என்பதோடு தந்தை சேர்ந்தால் ஆந்தை ஆகும், பூதனோடு சேர்ந்தால் பூந்தை ஆகும் என்பது அதன் விதி. பிசிராந்தையாரின் 'ஆந்தை' பறவையல்ல. பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த, ஆதனின் அப்பா. புறநானூறு 71இல் வேறோர் ஆந்தையும் ஆதன் அழிசியும் ஒரே பாட்டில் வருகிறார்கள். இலக்கணமே விதி வகுக்கும் அளவுக்கு அன்று இது சாதாரணப் பெயர். இன்றுதான் அரிது.

பாட்டில் மட்டும் இருந்தால் புலவர் வழக்கு என்று ஒதுக்கிவிடலாம், ஆகவே கல்லிலும் பானை ஓட்டிலும் பார்க்க வேண்டும். கரூர் மாவட்டம் புகளூரில், ஆறுநாட்டார் மலைக் குகையில் உள்ள தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டு 'கோ ஆதன் செல்லிரும்பொறை'யையும், அவன் மகன் பெருங்கடுங்கோனையும், அவன் மகன் இளங்கடுங்கோவையும் வரிசையாகச் சொல்கிறது. பதிற்றுப்பத்தின் சேரர் வரிசையோடு கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் இதைப் பொருத்திக் காட்டினார். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளிலும் ஆதன் உண்டு. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கைக்குப் பிறகு குவிரன், ஆதன் என்ற பெயர்கள் செய்தித்தாள் வழியாகப் பரவலாகப் பொதுமக்கள் காதுக்கு வந்தன.

பானை ஓட்டுச் சான்றை எடுத்தாளும்போது வழக்கமாக இரண்டு தவறு நடக்கிறது. 'ஆதனுக்கு 2,600 வயது' என்று எழுதுவது முதலாவது. பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 580 என்ற காலக்கணிப்பு 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிமாதிரிக்கு உரியது. ஓடு எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று பார்த்து அதன் காலத்தை ஊகிக்கிறார்கள், எழுத்தையே யாரும் கரிமச் சோதனை செய்யவில்லை. இரண்டாவது தவறு, உடைந்த ஓட்டின் விளிம்பில் 'ஆத' என்று முடிந்தால் அதை ஆதன் என்றே நிரப்பிக்கொள்வது. பழைய எழுத்தில் ஒற்று இரட்டிப்பதும் எப்போதும் இருக்காது. எகிப்தின் குசேர் அல் காதிமில் கிடைத்த ஓட்டில் 'சாதன்' என்று இருப்பதைச் சாத்தன் என்றே படிக்கிறார்கள். எழுத்து முழுதாக இருக்கிறதா என்று அறிக்கையின் படத்தைப் பார்த்த பிறகே கணக்கில் சேருங்கள்.

சோழர் காலத்துக்கு கராஷிமா, சுப்பராயலு, மட்சுய் மூவரும் 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட, சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களின் அடைவு போதும். அங்கே ஆதித்தனை ஆதனோடு சேர்த்துவிடாதீர்கள். அது வடமொழி ஆதித்யனிலிருந்து வந்தது. ஊர்ப்பெயர்களும் இப்படித்தான் ஏமாற்றும். சுவாமிமலைக்கு அருகே உள்ள திருஆதனூருக்குத் தலபுராணம் 'ஆ தன் ஊர்', காமதேனுவின் ஊர் என்று விளக்கம் சொல்கிறது. ஆதன் என்ற ஆளின் பெயரால் வந்த ஊர் என்று நீங்கள் நினைத்தால் அதைத் தனியாக நிறுவ வேண்டும். ஊர்ப்பெயர் துப்பு மட்டுமே, சான்று ஆகாது.

அகராதியையும் ஒரு முறை புரட்டிவிடுங்கள். ஆதன் என்ற சொல்லுக்கு 'அறிவில்லாதவன்', 'குருடன்' என்ற பொருள்களும் அதில் இருக்கும். சங்க காலத்து ஆட்பெயருக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. சேர மன்னர்கள் தங்களை அறிவிலி என்று அழைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் பெயர் வைத்த பிறகு தமிழாசிரியர் ஒருவர் சொல்லித் தெரிவதைவிட முன்பே தெரிந்துகொள்வது மேல்.

இனி புழக்கம். எந்தப் பெயர் எத்தனை குழந்தைக்கு என்று தமிழ்நாட்டில் அரசு ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுவதில்லை. கைக்கு எட்டுவது வாக்காளர் பட்டியல்தான். தலைமைத் தேர்தல் அலுவலரின் தளத்தில் பாகம் பாகமாக (வாக்குச்சாவடி வாரியாக) எடுக்கலாம். கோப்பு பெரும்பாலும் படமாக இருப்பதால் சொல்தேடல் வேலை செய்யாது. எழுத்துணரி மென்பொருளில் ஓட்டலாம், ஆனால் அது ஆதனையும் ஆதவனையும் மாற்றிப் படிக்கும். கண்ணால் ஓட்டுவதே பத்திரம்.

எத்தனை பெயர் பார்த்தால் போதும்? இதற்குப் புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு: பார்த்த பெயர்களில் ஒன்றுகூடச் சிக்கவில்லை என்றால் 3ஐ பார்த்த எண்ணிக்கையால் வகுங்கள். 30,000 ஆண் பெயர்களில் ஓர் ஆதனும் இல்லை என்றால், பத்தாயிரத்தில் ஒருவருக்கு மேல் அந்தப் பெயர் இல்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். பாகத்துக்கு ஆயிரம் வாக்காளர், பாதிப் பேர் ஆண்கள் என்று வைத்தால் 60 பாகம் வரும். ஒரே மாவட்டத்தில் எடுக்காமல் நான்கைந்து மாவட்டங்களிலிருந்து கலந்து எடுங்கள். தந்தை பெயர்ப் பகுதியையும் பார்த்தால் முந்தைய தலைமுறைக் கணக்கு இலவசமாகக் கிடைக்கும். அண்ணன் தம்பிகளால் ஒரே அப்பா இரண்டு முறை எண்ணப்படாமல் இருக்க வீட்டு எண்ணைச் சரிபாருங்கள். முகவரியைக் குறித்து வைக்க வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். ஒன்று நினைவிருக்கட்டும்: இதில் 18 வயது நிறைந்தவர்கள்தான் இருப்பார்கள். கீழடிக்குப் பின் வைத்த பெயர்கள் இந்தக் கணக்கில் விழாது. அதற்குப் பக்கத்துப் பள்ளிகளின் சேர்க்கைப் பட்டியலைப் பார்த்தவர்களைக் கேட்பதுதான் வழி.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேலை சுலபம், ஆனால் அங்கே வேறு பள்ளம் இருக்கிறது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பெயர்களை ஆண்டு வாரியாகத் தருகிறது. ஓர் ஆண்டில் ஐந்து பேருக்குக் குறைவான பெயர் அதில் இருக்காது. இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலில் அந்த வரம்பு மூன்று. ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கூட்டும் தனிப் பெயராகவே எண்ணப்படுகிறது. மூன்று எழுத்துக்கூட்டில் நான்கு நான்கு குழந்தைகள் இருந்தால், பன்னிரண்டு ஆதன்கள் இருந்தும் அமெரிக்கப் பட்டியலில் ஒருவரும் இல்லை.

அந்த எழுத்துக்கூட்டை இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். ஒற்றை ஏ போட்டுத் தமிழ்நாட்டின் டி-யோடு எச் சேர்த்தால் ஊரே பையனை 'அத்தான்' என்று படிக்கும். ஒற்றை ஏ-யோடு டெல்லியின் டி, எச் போட்டால் அது பாங்கைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழக்கமான ஆங்கில வடிவம்; தேடுபொறியில் பெயர் காணாமல் போகும். முன்னால் இரண்டு ஏ, பிறகு டெல்லியின் டி, எச், ஏ, என் என்பதே குழப்பம் குறைந்தது. பிறப்பைப் பதிவு செய்ய 21 நாள்தான் என்றாலும், பெயரைப் பதிவுத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். தேடலை முடிக்க அவ்வளவு அவகாசம் இருக்கிறது. சான்றிதழ் கைக்கு வந்ததும் தமிழ் வடிவில் 'ஆதன்' என்று இருக்கிறதா, யாராவது 'ஆதான்' என்றோ 'ஆத்தன்' என்றோ அடித்திருக்கிறார்களா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.