சோலார் வேலைவாய்ப்பும் உலக வர்த்தக விதிகளும்: நாம் வழக்கமாகச் செய்கிற தவறுகள்

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் போட்டித் தேர்வு மாணவர்களுக்குப் பொருளாதாரம் நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் பலகையில் "2016: உலக வர்த்தக அமைப்பு இந்தியாவின் சோலார் திட்டத்தைத் தடை செய்தது" என்று எழுதிப் போட்டேன். அத்தனை பேர் நோட்டிலும் அது அப்படியே இறங்கிவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து பாலக்கோட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "தடை பண்ணிட்டாங்கன்னா எங்க ஊர்ல இன்னும் பேனல் மாட்டிக்கிட்டே இருக்காங்களே சார்?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு தீர்ப்பின் சுருக்கத்தை உட்கார்ந்து படித்த பிறகுதான் என் வாக்கியமே தப்பு என்று புரிந்தது. மறுநாள் முப்பது நோட்டிலும் அடிக்கச் சொன்னேன். அதன் பிறகு இந்த விஷயத்தில் யார் என்ன தப்பு செய்கிறார்கள் என்று கவனிப்பதே பழக்கமாகிவிட்டது. மாணவர்கள், நிருபர்கள், ஓசூர் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருப்பவர்கள், வீட்டு மாடியில் பேனல் போடுகிறவர்கள் என்று எல்லோரும் ஏதோ ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள்.

திட்டத்துக்குத் தடையா, நிபந்தனைக்குத் தடையா?

2010 ஜனவரியில் ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய சக்தி இயக்கம் தொடங்கியது. சூரிய மின்சாரம் தயாரிக்கும் நிறுவனங்களிடம் நீண்டகால ஒப்பந்தம் போட்டு, நல்ல விலைக்கு மின்சாரம் வாங்கிக்கொள்ளும் திட்டம். அதன் சில ஏலங்களில், சோலார் செல்களும் (வெயிலை மின்சாரமாக்கும் சின்னத் தகடுகள்), அவற்றைச் சேர்த்துச் செய்யும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. உள்நாட்டில் ஆலை வளரும், வேலை கிடைக்கும் என்பது கணக்கு. 2013 பிப்ரவரியில் அமெரிக்கா இதை எதிர்த்து உலக வர்த்தக அமைப்புக்கு வழக்கு கொண்டுபோனது. 2016 செப்டம்பரில் அதன் மேல்முறையீட்டு அமைப்பு இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது.

தீர்ப்பு அந்த நிபந்தனையைத்தான் தொட்டது. மின்சாரத்துக்கு நல்ல விலை கொடுப்பதையோ, ஏலம் நடத்துவதையோ, இத்தனை மெகாவாட் என்று இலக்கு வைப்பதையோ யாரும் தப்பு என்று சொல்லவில்லை. இறக்குமதியான பொருளை உள்நாட்டுப் பொருளைவிடக் கீழாக நடத்தக் கூடாது என்பது, பொருள் வர்த்தகத்துக்கான அடிப்படை ஒப்பந்தமான காட் ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவு. முதலீட்டு நடவடிக்கைகள் பற்றிய ஒப்பந்தமும் அதையே சொல்கிறது. அரசு யாருக்குப் பணம் கொடுக்கிறது என்பதில் இந்தப் பிரிவு பெரிதாகத் தலையிடாது. "இந்த ஊர்ப் பொருளை வாங்கினால்தான் தருவேன்" என்று சொல்கிற இடத்தில்தான் பிடிக்கும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் இதே இடத்தில்தான் மாட்டியது. 2009 சட்டத்தின்படி காற்றாலை, சோலார் மின்சாரத்துக்கு அதிக விலை உண்டு, ஆனால் கருவிகளில் குறிப்பிட்ட பங்கு ஒன்டாரியோவில் செய்ததாக இருக்க வேண்டும். 50,000 வேலை என்று அரசு வாக்குக் கொடுத்திருந்தது. ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் வழக்கு போட்டன. 2013 மே மாதத் தீர்ப்பில் உள்ளூர்ப் பங்கு நிபந்தனை விழுந்தது. அதிக விலை கொடுத்ததே சட்டவிரோத மானியமா என்ற கேள்விக்கு மேல்முறையீட்டு அமைப்பால் முடிவு சொல்ல இயலவில்லை. தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த ஒரு வழக்கை ஒழுங்காகப் படித்தாலே மற்றது பிடிபடும்.

"அரசாங்கம்தானே வாங்குது, அப்புறம் என்ன?"

படித்தவர்களே அதிகம் சொல்கிற தப்பு இது. அரசு தன் தேவைக்கு வாங்கும்போது உள்நாட்டுப் பொருளைத் தேர்ந்தெடுக்க காட் ஒப்பந்தத்தில் விதிவிலக்கு இருக்கிறது. அரசுக் கொள்முதலுக்கான தனி ஒப்பந்தத்தில் இந்தியா உறுப்பினரும் இல்லை. அப்படியானால் இந்தியா ஏன் தோற்றது?

வகுப்பில் இப்படிச் சொல்வேன். ஒரு அரசு விடுதி காலைச் சாப்பாட்டுக்கு வெளியே இட்லி வாங்குகிறது. "நம்ம மாவட்டத்து இட்லிதான் வேண்டும்" என்று கேட்டால் அது கொள்முதல். "இட்லி எவனுடையதாகவும் இருக்கட்டும், மாவை அரைத்த கிரைண்டர் கோயம்புத்தூரில் செய்ததாக இருக்க வேண்டும்" என்றால்? விடுதி கிரைண்டரை வாங்கவில்லையே! இந்திய அரசு வாங்கியது மின்சாரம், நிபந்தனை போட்டது பேனலுக்கு. வாங்குகிற பொருளும் பாகுபாடு காட்டப்படுகிற பொருளும் ஒன்றுக்கொன்று போட்டி போடும் பொருள்களாக இருந்தால்தான் அந்த விதிவிலக்கு செல்லும் என்றது மேல்முறையீட்டு அமைப்பு. கனடா வழக்கில் சொன்னதையே திரும்பச் சொன்னது.

உள்நாட்டில் செல் உற்பத்தி போதாது, அதனால் தட்டுப்பாட்டுக்கான விலக்கு வேண்டும் என்றும் இந்தியா வாதிட்டது. அதுவும் எடுபடவில்லை. உலகச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிற பொருளைத் தட்டுப்பாடு என்று எப்படிச் சொல்வது? சுற்றுச்சூழலுக்காகச் செய்தோம் என்றால் தானாகச் சலுகை கிடைக்கும் என்று நினைப்பதும் இதே ரகம். உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தத்தில் அப்படி ஒரு குறுகிய சலுகைப் பிரிவு இருந்தது. 1999 முடிவோடு அது காலாவதியாகிவிட்டது.

இதில் என் மனதை உறுத்துவது வேறு. தொடக்க ஏலங்களில் அந்த நிபந்தனை சிலிக்கான் பேனலுக்கு மட்டும்தான். தின்-ஃபிலிம் என்கிற மெல்லிய படல வகைக்கு இல்லை. பலரும் அந்த வகையை வெளிநாட்டிலிருந்து இறக்கிக்கொண்டார்கள். வேலிக்குக் காவல் போட்டுவிட்டு வாசலைத் திறந்து வைத்த கதை. வழக்கிலும் தோற்றோம், அந்தப் பேனல்களைச் செய்யும் வேலையும் வெளியே போனது.

"அவன் செய்தால் மட்டும் சரியா?"

இந்தக் கேள்வி நியாயமானது, ஆனால் வழக்கில் எதிர்வாதமாகச் செல்லாது. இந்தியா அதைத் தனி வழக்காகவே போட்டது. அமெரிக்காவின் 8 மாநிலங்களில் உள்ளூர்க் கருவிகளுக்குக் கூடுதல் சலுகை இருந்தது. 2016 செப்டம்பரில் இந்தியா புகார் கொடுத்து, 2019 ஜூனில் குழுத் தீர்ப்பில், அதாவது மேல்முறையீட்டுக்கு முந்தைய முதல் கட்டத் தீர்ப்பில், ஜெயித்தது. நம் ஊரில் பலருக்கு 2016 தோல்வி தெரியும், 2019 வெற்றி தெரியாது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. ஆனால் புதிய உறுப்பினர்களை நியமிக்க அதே அமெரிக்கா ஒத்துக்கொள்ளாததால் 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமைப்பு செயல்படவில்லை. கடைசியில் 2023 ஜூனில் இரண்டு நாடுகளும் ஆறு வழக்குகளைப் பேசி முடித்துக்கொண்டபோது இந்த இரண்டு சோலார் வழக்குகளும் அதில் அடங்கிப்போயின.

தீர்ப்பு என்றால் அபராதம், பழைய பாக்கி என்று நினைக்க வேண்டாம். நடைமுறையை மாற்று என்பார்கள். மாற்றாவிட்டால் எதிர்த்தரப்பு நம் ஏற்றுமதியின் மீது சலுகைகளை நிறுத்த அனுமதி கேட்கலாம். அவ்வளவுதான். அதே சமயம் மேல்முறையீட்டு அமைப்பு படுத்துவிட்டது, இனி விதியே இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. விதி அப்படியேதான் இருக்கிறது, வழக்குகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மூன்று பெயர், ஒரே குழப்பம்

போன வருடம் அந்தப் பாலக்கோட்டுப் பெண் அவள் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தாள். தக்காளி விவசாயி. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கொட்டேஷன் தாளை எடுத்து மேஜையில் விரித்தார். மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது. 3 கிலோவாட், இரண்டு வரி. மேல் வரியில் "டி.சி.ஆர்.", கீழ் வரியில் "நான் டி.சி.ஆர்.". கீழ் வரி விலை குறைவு.

"ரெண்டும் இந்தியக் கம்பெனி பேனல்தானாம் சார். அப்புறம் எதுக்கு மேல இருக்கிறதுக்கு அதிகம் கொடுக்கணும்?"

கேள்வி அவருக்கு வீட்டு விஷயம். எனக்கோ இரண்டு மணி நேரப் பாடம்.

"உள்நாட்டுப் பங்கு நிபந்தனை" என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் டி.சி.ஆர். அதற்கு சோலார் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், பேனலும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டுச் செல்லை இறக்கி இங்கே கண்ணாடி, சட்டம் போட்டு ஒட்டினால் அது இந்தியப் பேனல்தான், ஆனால் டி.சி.ஆர். இல்லை. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியம் டி.சி.ஆர். பேனலுக்கு மட்டும்தான். "ரெண்டும் இந்தியக் கம்பெனி" என்று சொன்ன விற்பனையாளர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். கீழ் வரியை எடுத்திருந்தால் விலையில் மிச்சம் பிடித்து மானியத்தில் கோட்டை விட்டிருப்பார்.

இரண்டாவது பெயர் ஏ.எல்.எம்.எம். இது அரசு அங்கீகரித்த மாடல்கள், உற்பத்தியாளர்களின் பட்டியல், 2019இல் வந்த ஆணை. பேனலுக்கு ஒரு பட்டியல், செல்லுக்குத் தனிப் பட்டியல். செல் பட்டியல் அமலுக்கு வர வைத்த தேதி 2026 ஜூன் 1. மூன்றாவது சுங்க வரி. 2022 ஏப்ரல் 1 முதல் இறக்குமதிப் பேனலுக்கு 40 சதவீதம், செல்லுக்கு 25 சதவீதம் என்று போட்டார்கள். எல்லையில் வரி போடுவது ஒன்று, உள்ளே வந்த பொருளைப் பாகுபாடாக நடத்துவது வேறொன்று. ஒரு நாடு தான் ஒப்புக்கொண்ட உச்ச வரம்புக்குள் வரியை ஏற்றினால் விதியில் பெரும்பாலும் இடமுண்டு. இந்த மூன்றையும் "சைனா பேனலுக்குத் தடை" என்று ஒரே வாக்கியத்தில் எழுதுகிற செய்தியை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

"2016ல தோத்த நிபந்தனை இந்தத் தாள்ல எப்படி இருக்கு சார்?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. அந்தத் தீர்ப்பு வழக்காடப்பட்ட ஏலங்களைப் பற்றியது. வேறு திட்டத்தில் இருக்கிற நிபந்தனை அதனால் தானாக ரத்தாகிவிடாது. அதை எதிர்த்து ஒரு நாடு வழக்கு போட வேண்டும். வழக்கு வராதவரை ஓடும்.

பர்கூர் வரை வந்த வழக்கு

உலக வர்த்தக அமைப்பு இருக்கிற ஜெனீவாவில் நடப்பது நமக்கெதற்கு என்று கிருஷ்ணகிரிக்காரர்கள் இப்போது சொல்ல முடியாது. போச்சம்பள்ளியில் ஓலாவின் ஸ்கூட்டர் ஆலை, பர்கூரில் அதே குழுமத்தின் பேட்டரி செல் ஆலை, ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர். பேட்டரி செல்லுக்கு மத்திய அரசு 2021 மே மாதம் அறிவித்த உற்பத்தி ஊக்கத்தொகை 18,100 கோடி ரூபாய். பர்கூர் ஆலைக்குச் சொந்தக்காரரும் அந்தத் திட்டத்தில் தேர்வானவர். இரண்டு வருடத்தில் 25 சதவீதம், ஐந்து வருடத்தில் 60 சதவீதம் உள்நாட்டு மதிப்புக் கூட்டல், அதாவது பொருளின் மதிப்பில் அத்தனை பங்கு இந்தியாவிலேயே உண்டாக வேண்டும் என்பது அதில் நிபந்தனை.

இது 2016 நிபந்தனையின் மறுபிறவியா? இங்கே அவசரப்பட்டு எந்தப் பக்கமும் சாயக் கூடாது. 60 சதவீதத்தை ஒரு நிறுவனம் தன் ஆலைக்குள்ளேயே வேலை செய்து எட்டலாம், அல்லது இந்தியச் சப்ளையரிடம் பாகங்கள் வாங்கி எட்டலாம். முதலாவது உற்பத்திக்குக் கொடுக்கும் பணம். காட் 3ஆம் பிரிவே உள்நாட்டு உற்பத்தியாளருக்கு மட்டும் மானியம் கொடுக்க இடம் தருகிறது. இரண்டாவது வழிக்குத் தள்ளுகிற மாதிரி நிபந்தனை எழுதியிருந்தால், இறக்குமதிக்குப் பதில் உள்நாட்டுப் பொருளைப் பயன்படுத்தச் சொல்லும் மானியம் ஆகிவிடும். ஏற்றுமதியோடு கட்டிய மானியத்தோடு சேர்த்து மானிய ஒப்பந்தம் அடியோடு தடுக்கிற இரண்டு வகைகளில் அது ஒன்று. 2025 அக்டோபரில் இந்த ஊக்கத்தொகைத் திட்டங்களை எதிர்த்துச் சீனா புகார் கொடுத்தது. வாதம் சுற்றுவது இந்தக் கோட்டைத்தான். எனக்கென்னவோ, அதிகாரிகள் கொள்கை அறிவிப்பில் கவனம் வைக்கும் அளவுக்கு நிபந்தனையின் வாசகத்தில் வைப்பதில்லை என்று தோன்றுகிறது.

ஏற்றுமதி செய்கிற சின்ன யூனிட்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். தடை செய்யப்படாத மானியம் என்றால் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். இறக்குமதி செய்யும் நாடு தானே விசாரித்து, மானியத்துக்கு ஈடாக வரி போடலாம். அதற்கு ஜெனீவா போகவே தேவையில்லை. 2025இல் அமெரிக்கா இந்திய சோலார் பேனல்கள் மீது அப்படி ஒரு விசாரணையைத் தொடங்கியது. எந்தச் சலுகையை எந்தத் தேதியில் வாங்கினோம் என்று தனி ஃபைல் போட்டு வைப்பது நல்லது. பெரிய வாங்குபவர் ஒருநாள் கேட்பார்.

வேலை என்றாலே செல் ஆலை என்று நினைப்பதையும் சொல்ல வேண்டும். செல் தயாரிப்பில் இயந்திரம்தான் அதிகம், ஆள் குறைவு. மாடியில் ஆங்கிள் நிறுத்துகிறவர், வயர் இழுக்கிறவர், இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்கிறவர், இரும்புச் சட்டம் வெல்டிங் செய்யும் காரிமங்கலத்துப் பட்டறைக்காரர், இவர்கள் எல்லோருடைய வேலையும் உள்ளூரிலேயே நடந்தாக வேண்டியது. ஐ.டி.ஐ. பையனுக்குப் பயிற்சிக்குப் பணம் கொடுத்தால், அவன் மாட்டுகிற பேனல் எந்த நாட்டுடையது என்று கேட்காதவரை, இங்கே பேசிய எந்தத் தடையும் குறுக்கே வராது.

தக்காளி விவசாயி மேல் வரியை எடுத்தார். மாட்டுகிற அன்று ஏணியில் ஏறி, ஒவ்வொரு பேனலின் பின்பக்க லேபிளையும் வரிசை எண் தெரிகிற மாதிரி மகள் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். ஆறு படம். ஒன்றில் அவள் அப்பாவின் கட்டை விரல் எண்ணை மறைத்திருந்தது. திரும்ப எடுக்கச் சொன்னேன்.