பெண்ணுடலைத் துணியில் சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

பெண்ணழகின் இலக்கணம் காலத்துக்குக் காலம் மாறியதைத் துணிக்கலையில் சொல்ல வருகிறவர்கள் பலர், பழைய விளம்பரப் படத்தைத் துணியில் அச்சடித்து ஓரத்தில் பூத்தையல் போட்டுவிடுகிறார்கள். அதைக் காகிதத்திலேயே செய்திருக்கலாமே! இடுப்பை ஒடுக்கியதும் பின்புறத்தை எடுப்பாக்கியதும் வெட்டும் தையலும் திணிப்பும்தான். அவை வேலை செய்வது கண்ணுக்குத் தெரியவேண்டும். படம் ஆகவே ஆகாது என்றில்லை. அமெரிக்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்ட் 1986இல் தான் 100 பவுண்டுக்கு மேல் எடை குறைத்த கதையை ஒட்டுப்போர்வையாக்கியபோது தன் புகைப்படங்களையே அதில் வைத்தார். அங்கே உடலும் கதையும் அவருடையவை.

அடுத்த தவறு, அன்று இடுப்பை இறுக்கிக் கட்டும் கார்செட் என்ற உள்ளாடை சிறை, இன்று விடுதலை என்று வரலாற்றை ஒரே கோடாக இழுப்பது. 1850களில் பாவாடையை விரித்துத் தாங்கும் எஃகு வளையக் கூடான கிரினோலின் வந்தபோது, அடுக்கடுக்கான உள்பாவாடைகளின் கனம் குறைந்தது. 1920களில் தட்டையான மார்பு மோஸ்தரானதும் மார்பை அமுக்கவே தனி உள்ளாடை வந்தது. 1947இல் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் ஒடுங்கிய இடுப்பைத் திரும்பக் கொண்டுவந்தார். அப்புறம், 20 அங்குலக் கார்செட்டைப் பார்த்ததும் இடுப்பும் 20 அங்குலம் என்று தைத்துவிடாதீர்கள். அது முழுக்க மூடிய அளவு. கட்டும்போது பின்னால் இடைவெளி விடுவது சகஜம்.

துணித் தேர்வில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நெசவுத் துணியை நூல்வாக்கில், அதாவது இழை ஓடும் திசையிலேயே, வெட்டிப் பஞ்சு திணித்தால் வளைவில் சுருக்கம் விழும், வயிறு மூட்டை மாதிரி நிற்கும். அதையே கிராஸாக, இழைக்குச் சாய்வாக, வெட்டினால் இழுபட்டு வளைவுக்கு இணங்கும். பனியன் துணியோ திணிக்கத் திணிக்க உப்பி, இடுப்பையே காணாமல் ஆக்கிவிடும். சுருக்கம்தான் வேண்டுமென்றால் அதுவும் சரி. சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா தன் துணி உருவங்களில் கரடுமுரடான கைத்தையலை ஒளிக்கவில்லை. தையலை மறைத்து எல்லாவற்றையும் வழவழப்பாக்கினால், எந்த இலட்சிய உடலைக் கேள்வி கேட்க வந்தீர்களோ அதையே திரும்பச் செய்தவராவீர்கள்.

உடையை மாட்டிப் பார்க்கக் கடையில் வாங்கும் உடல் வடிவப் பொம்மையான தையல் டம்மியும் இப்படித்தான், அதுவே ஒரு காலத்தின் இலட்சிய அளவு. பழங்கால உடையை அதில் அப்படியே மாட்டினால் தோள் இறங்கும், இடுப்பு மூடாது. சிறிய டம்மியாக எடுத்து, பஞ்சுப் பட்டை சுற்றி வேண்டிய உருவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோ 1997ஆம் ஆண்டின் வசந்தகால உடைகளில் முதுகிலும் இடுப்பிலும் திணிப்பு வைத்து, எதிர்பாராத இடங்களில் புடைக்க விட்டார். அந்தத் துணிச்சலில் கால்வாசி போதும். டம்மியின் உருவத்தை நீங்களே தீர்மானித்துவிடலாம்.