டென்மார்க் நகரங்களின் மக்கள்தொகைப் பட்டியலை நீங்களே தயாரிக்கலாம்

டென்மார்க்கின் மூன்றாவது பெரிய நகரம் ஓடென்ஸேயா, ஓல்போர்க்கா? இணையத்தில் தேடினால் இரண்டு பதிலும் வரும். இரண்டுமே அரசுக் கணக்கிலிருந்து எடுத்தவைதான். ஆகவே ஆயத்தப் பட்டியலை நகலெடுக்காமல், மூலத்திலிருந்தே எடுத்துப் பழகுங்கள். கட்டணம் கிடையாது.

படி 1: எதை எண்ணுகிறோம்?

இதில்தான் பலரும் வழுக்குகிறார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள். நகராட்சி என்பது நிர்வாக எல்லை. 2007 சீர்திருத்தத்தில் சுமார் 270 நகராட்சிகளை 98 ஆகச் சுருக்கினார்கள். அப்போது ஹால்ஸ், நீபே, சைல்ஃப்ளோட் மூன்றும் ஓல்போர்க்குடன் சேர்ந்தன. வயலும் கிராமமும் கலந்த அந்த நகராட்சியில் சுமார் 2.2 லட்சம் பேர். ஓடென்ஸே நகராட்சியில் சுமார் 2.1 லட்சம்.

நகரப் பகுதி என்பது வேறு. அடுத்தடுத்த கட்டடங்களுக்கு இடையே 200 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. குறைந்தது 200 பேர் வாழ வேண்டும். பூங்கா, தொழிற்பேட்டை போன்றவை குறுக்கே வந்தால் அதை இடைவெளியாகக் கொள்வதில்லை. இந்தக் கணக்கில் ஓடென்ஸே சுமார் 1.8 லட்சம், ஓல்போர்க் சுமார் 1.2 லட்சம். நகரங்களை ஒப்பிட இதுவே சரியான அளவு என்பது என் உறுதியான கருத்து.

படி 2: அட்டவணையைத் திறங்கள்

டென்மார்க் புள்ளியியல் நிறுவனத்தின் தரவுத்தளம் ஸ்டேட்பேங்க். ஆங்கிலப் பக்கமும் உண்டு. அங்கே 'பிஒய்3' (BY3) என்ற அட்டவணையைத் தேடுங்கள்: நகரப் பகுதிவாரியாக மக்கள்தொகை, பரப்பு, அடர்த்தி மூன்றும் அதில் இருக்கும். வயது, பாலினம் வேண்டுமென்றால் 'பிஒய்1' (BY1). நகராட்சிக் கணக்குக்கு 'ஃபோல்க்1ஏ' (FOLK1A).

படி 3: ஆண்டைத் தேர்ந்தெடுத்து இறக்குங்கள்

நகரப் பகுதி எண்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 நிலவரம். 1968 முதல் ஒவ்வொருவருக்கும் பதிவெண் தரும் மக்கள் பதிவேடு இயங்குவதால் இது சாத்தியமாகிறது. படிவம் கொடுத்து நடந்த கடைசிக் கணக்கெடுப்பு 1970-இல். பத்தாண்டு காத்திருக்காமல் வருடா வருடம் புது எண் கிடைப்பது ஆய்வு செய்பவருக்குப் பெரிய வரம். எக்செல் கோப்பாகச் சேமித்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். 200 பேர் வாழும் சிற்றூரும் பட்டியலில் இருக்கும் என்பதால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் வரும். 20,000-க்குக் கீழே உள்ளவற்றை முதலில் நீக்கிவிடலாம்.

படி 4: இரண்டு இடங்களைச் சரிபாருங்கள்

கோபன்ஹேகன் நகராட்சியில் மட்டும் சுமார் 6.5 லட்சம் பேர். அதன் நடுவே, நான்கு புறமும் அதனாலேயே சூழப்பட்டிருக்கும் ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் தனி நகராட்சி. அதையும் கென்டொஃப்டே, விடோவ்ரே போன்ற பக்கத்து நகராட்சிகளையும் சேர்த்த தலைநகரப் பகுதியில் 13 லட்சத்துக்கும் மேல். உங்கள் முதல் வரியில் இந்தப் பெரிய எண்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது ஓல்போர்க். லிம் நீரிணைக்கு அக்கரையில் இருக்கும் நோரெசுண்ட்பி, பாலத்தால் இணைந்திருந்தாலும் தனி நகரப் பகுதியாகவே வரும். சேர்த்துக் காட்ட விரும்பினால் கீழே ஒரு குறிப்பு எழுதுங்கள்.

படி 5: விடை பொருந்துகிறதா?

தலைநகரப் பகுதிக்கு அடுத்து ஓர்ஹுஸ் (சுமார் 2.9 லட்சம்), ஓடென்ஸே, ஓல்போர்க். ஒரு லட்சத்தைத் தாண்டும் நகரப் பகுதிகள் இந்த நான்குதான். ஐந்தாவது எஸ்பியெர், எழுபதாயிரத்துச் சொச்சம். அதன்பின் ரனர்ஸ், ஹோர்சென்ஸ், கோல்டிங், வைலே நான்கும் அறுபதாயிரத்தை ஒட்டி நெருக்கியடித்து நிற்கும். இவற்றின் வரிசை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால், தலைப்பிலேயே 'நகரப் பகுதி, ஜனவரி 1' என்று ஆண்டோடு குறித்துவிடுங்கள்.