தமிழ் தெரிந்தவர் திபெத்திய ஏடு வாசிக்கப் பழகுவது எப்படி

தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். மணிமேகலையின் 29ஆம் காதைக்கு வரும்போதெல்லாம் மனம் குறுகுறுக்கும். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லும் தருக்கம் அதில் வருகிறது: பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்). வகுப்பில் அதை மேலோட்டமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஓய்வுக்குப் பிறகு ஒழுங்காக விளங்கிக்கொள்ளலாம் என்று இறங்கினேன். தேடல் திக்நாகரிடம் கொண்டுபோய் விட்டது. காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்று மரபு சொல்லும் அந்தப் பௌத்தத் தருக்க ஆசிரியரின் முதன்மையான நூல் பிரமாண சமுச்சயம். அதன் சமஸ்கிருத மூலம் முழுதாக நம் கைக்கு வரவில்லை, திபெத்திய மொழிபெயர்ப்பில்தான் முழுமையாக இருக்கிறது. அப்படித்தான் திருகோணமலை உவர்மலை வீட்டு விறாந்தையில் ஒரு சி.ஆர். கொப்பியோடு உட்கார்ந்தேன். நாலு வருடமாகிறது.

முதலில் இணையவழி வகுப்பு ஒன்றில் காசு கட்டிச் சேர்ந்தேன். எல்லாவற்றையும் ஆங்கில இலக்கணத்தில் வைத்து விளக்கினார்கள். மூன்று மாதம் தலை சுற்றியது. அப்புறம் ஒரு நாள் பாடத்தை மூடி வைத்துவிட்டு, அதே வசனத்துக்குக் கீழே தமிழில் எழுதிப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் கிட்டத்தட்ட அப்படியே உட்கார்ந்தது. ஆகவே என் முதல் யோசனை இதுதான்: அகராதி ஆங்கிலத்தில் இருந்தாலும், பொருளைத் தமிழிலேயே எழுதுங்கள்.

எழுத்திலிருந்து தொடங்குவோம். மெய் முப்பது. உயிர்க்குறி நாலு: இ, உ, எ, ஒ. அகரம் நம் எழுத்தைப் போலவே மெய்யோடு சேர்ந்தே இருக்கும். இந்த எழுத்தும் பிராமி வழி வந்தது. 7ஆம் நூற்றாண்டில் தோன்மி சம்போட்டர் அமைத்தார் என்று திபெத்தியர் சொல்வார்கள். நமக்குக் க, ங என்று இரண்டு இருக்கும் வரிசையில் அவர்களுக்கு நாலு: மெல்லிய க, மூச்சோடு வரும் க, கனத்த க, பிறகு ங. தலைக்கோடு உள்ள அச்செழுத்தை மட்டும் முதலில் பழகுங்கள். ஒற்றை றூல் கொப்பியில் ஒரு நாளைக்கு ஒரு வரிசை, வாயால் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். இரண்டு கிழமை போதும். ரோமன் எழுத்தில் மாற்றி எழுதும் முறை தட்டச்சுக்கு உதவும், ஆனால் அதை நம்பி எழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நான் தள்ளிப்போட்டேன். ஏட்டைத் திறந்த அன்று ஒரு வரிகூட ஓடவில்லை.

எழுத்து வந்த பிறகுதான் உண்மையான வேலை. அசைக்கு அசை ஒரு புள்ளி உண்டு, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எழுதுவது ஒன்று, உச்சரிப்பது இன்னொன்று. எட்டு என்ற சொல்லில் ப, ர, க, ய, த என்று ஐந்து எழுத்து இருக்கும், வாயில் வருவது 'கியே' மட்டும். இதில் எது தாய் எழுத்து என்று கண்டுபிடிக்காவிட்டால் அகராதியைத் திறந்தும் பயனில்லை, ஏனென்றால் அகராதி தாய் எழுத்தின் வரிசையில் போகிறது. உயிர்க்குறி ஏறிய எழுத்து, அல்லது மேலும் கீழும் அடுக்கிய எழுத்து, தாய். குறியும் அடுக்கும் இல்லாமல் இரண்டு எழுத்து நின்றால் முதலாவது தாய். மூன்று நின்றால் பெரும்பாலும் நடுவிலுள்ளது. 'நான்' என்பதற்குரிய ஏட்டுச் சொல் ப, த, க என்று எழுதப்படும், தாய் தகரம், உச்சரிப்பு 'தக்'. ஒரு பக்கத்தை எடுத்து, பொருள் பார்க்காமல், ஒவ்வொரு அசையிலும் தாய் எழுத்தைப் பென்சிலால் வட்டமிட்டு வாருங்கள். ஒரு மாதம் இதையே செய்தேன். அலுப்பான வேலைதான், ஆனால் இந்த ஒரு மாதத்தைத் தாண்டாமல் முடியாது.

இலக்கணத்தில் நமக்குப் பெரிய கொடுப்பினை. வினை கடைசியில் வரும். உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். வேற்றுமை எட்டு, எண் வரிசையும் நம்முடையதே: மூன்றாவது கருவி, கருத்தா, ஐந்தாவது நீங்கல், ஆறாவது உடைமை, எட்டாவது விளி. 'லதோன்' என்று ஏழு உருபை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பார்கள். நம் இரண்டாம், நாலாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையை அவை செய்கின்றன. எந்த ஈற்றுக்குப் பின் எந்த உருபு வரும் என்பது புணர்ச்சி விதி மாதிரித்தான், நன்னூல் படித்தவருக்குப் பயமில்லை. கவனிக்க வேண்டியவை மூன்று. செயப்படுபொருள் குன்றா வினையில் செய்பவனுக்கு மூன்றாம் உருபு வரும். வினையில் திணை, பால், இடம் காட்டும் விகுதி இல்லை, யார் செய்தது என்பதைச் சூழல் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அடைமொழியும் எண்ணும் பெயருக்குப் பின்னே நிற்கும்.

ஒரு வரியைப் பிரித்துக் காட்டுகிறேன். போயா நாளில் விகாரை ஒலிபெருக்கியில் 'ஏவம் மே சுதம்' என்று பாளியில் கேட்டிருப்பீர்கள். சூத்திரங்களின் அதே தொடக்கம் திபெத்தியத்தில் 'டி கே தக் கி தோ பா தூ சிக் ந'. டி, இந்த. கே, பேச்சு. தக், நான். கி, ஆல். தோ பா, கேட்டது. தூ, சமயம். சிக், ஒன்று. ந, இல். 'இந்தப் பேச்சு என்னால் கேட்கப்பட்டது, சமயம் ஒன்றில்.' இதைக் கொப்பியில் மூன்று வரியாக எழுதுங்கள்: மேலே திபெத்தியம், நடுவே உருபு பிரித்த தமிழ், கீழே ஓடும் தமிழ். நடு வரியை ஒரு நாளும் விடாதீர்கள்.

முதல் நூலாக இதய சூத்திரத்தை எடுங்கள். சின்னது, சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பிரஞ்ஞா பாரமிதா இருதய சூத்திரம் என்ற அதன் முழுப் பெயரிலேயே பாரமிதைக்கு அவர்கள் வைத்த சொல் இருக்கிறது: 'பரோல் து சின் பா', அக்கரைக்குப் போனது. இதைப் பிரித்து எழுதிய காலை எனக்குக் கிண்ணியாப் பாதை (மிதவைப் படகு) ஞாபகம் வந்தது. 2009இல் பாலம் திறக்கும் முன் அதில் ஏறித்தான் அக்கரை போனோம். பாரமிதை என்றால் பரிபூரணம் என்று மனப்பாடம் செய்திருந்த எனக்கு, அன்றுதான் அந்தச் சொல்லில் தண்ணீரும் கரையும் தெரிந்தன.

அகராதிக்குச் சரத் சந்திர தாஸ் 1902இல் வெளியிட்டது நல்லது. சமஸ்கிருத இணைச்சொல்லும் தருவதால் பல இடத்தில் நமக்குத் தெரிந்த வடசொல் உடனே கைகொடுக்கும். ஸ்கேன் பிரதி இலவசமாகவே கிடைக்கிறது. சூத்திர மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க 2010இல் தொடங்கிய, அவற்றை ஆங்கிலத்தில் தரும் 84000 என்ற திட்டத்தின் தளம் இருக்கிறது. ஆனால் உங்கள் மூன்று வரியையும் எழுதி முடிக்கும் வரை அதைத் திறக்காதீர்கள்.

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள வெல்கம் விகாரைக்கு ஒருமுறை போய் வாருங்கள் என்றும் சொல்வேன். சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். அங்கே விளக்குக்குக் கொடை கொடுத்த பௌத்தர்கள் அதைத் தமிழில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழில் பௌத்தம் படிப்பது புதுப் பழக்கமில்லை என்பதை அந்தக் கல்லின் முன் நின்றால் நம்புவீர்கள்.

தருக்க நூல்களுக்கு இரண்டு வருடம் கழித்தே போங்கள். போகும்போது 29ஆம் காதையைப் பக்கத்தில் விரித்து வையுங்கள். திட்டாந்தத்துக்கு அவர்கள் சொல் 'பே', உதாரணம் என்று அன்றாடம் வழங்கும் சொல். பக்கத்துக்கு 'சோக்'. அகராதியில் தேடினேன்: திசை, பக்கம். வீட்டுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்கிறோமே, அதே பக்கம். 9ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் 9,000க்கும் மேற்பட்ட சொற்களைப் பட்டியலிட்டு, இந்தச் சமஸ்கிருதச் சொல்லுக்கு இந்தத் திபெத்தியச் சொல் என்று நிலைநிறுத்தினார்கள். அதனால் சோக் என்று கண்ட இடத்தில் மூலத்தில் பக்ஷம் இருந்திருக்கும் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். நடு வரியில் நான் வேறு சொல் தேடவில்லை. 'பக்கம்' என்றே எழுதினேன்.