கார் ஸ்டெப்னி: எதை வைத்துக்கொள்வது, எப்படி மாட்டுவது

ஸ்டெப்னியில் முதலில் பார்க்க வேண்டியது காற்று. ஓடாமல் கிடக்கும் டயரிலும் மாதத்துக்கு 1 முதல் 2 பி.எஸ்.ஐ. வரை தானாகக் குறையும். 33 வைத்த டயர் ஒரு வருடத்தில் 20க்குக் கீழே போய்விடலாம். டிரைவர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் முழு லோடுக்கு எவ்வளவு போட்டிருக்கிறதோ, அதைவிட 3 முதல் 5 பி.எஸ்.ஐ. கூட்டியே வையுங்கள். மாட்டிய பிறகு குறைத்துக்கொள்ளலாம். ராத்திரி நேரத்தில் பைபாஸில் நின்றுகொண்டு ஏற்ற முடியாது.

ஸ்டெப்னி மூன்று விதம். மற்ற நான்கும் எந்த அளவோ அதே அளவு. அலாய்க்குப் பதிலாக இரும்பு வீலில் வரும் வேறு அளவு. மெலிதான தற்காலிக டயர். மூன்றாவதன் பக்கவாட்டில் டி125/80 என்பதுபோல் 'டி' எழுத்தில் தொடங்கும் அளவும், 80 கி.மீ. வேக வரம்பும் இருக்கும். அதற்குக் காற்று பொதுவாக 60 பி.எஸ்.ஐ.; மற்ற டயர்போல 33 வைத்தால் நசுங்கிச் சூடாகும்.

வாங்குவதாக இருந்தால் அதே அளவே வாங்குங்கள். டிக்கிக் குழியில் இடம் போதாவிட்டால் மட்டும் அடுத்ததைப் பார்க்கலாம். அங்கே கவனிக்க வேண்டியது ரிம் இஞ்ச் அல்ல, டயரின் மொத்த உயரம். 185/65 ஆர்15 டயரின் உயரம் சுமார் 621 மி.மீ.; 165/80 ஆர்14 டயரின் உயரம் சுமார் 620. ரிம் ஒரு இஞ்ச் சின்னதாக இருந்தும் சக்கரம் சுற்றும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அகலம் குறைவு என்பதால் பிடிப்பும் குறையும். உயரமே மாறினால், ஒரே ஆக்ஸிலின் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். நேர் ரோட்டில்கூட டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) ஓயாமல் வேலை செய்யும்.

பழைய வீல் வாங்குகிறவர்கள் போல்ட் துளைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். துளை வட்டத்தின் விட்டமான பி.சி.டி., நடுத்துளை, ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு) எல்லாமே பொருந்த வேண்டும். சில வண்டிகளில் அலாய்க்கு ஒரு நட்டு, இரும்பு வீலுக்கு வேறு நட்டு. கூம்பு உட்காரும் இடத்தில் தட்டை நட்டைப் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் கழன்றுவிடும்.

டயரின் வயதைப் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் (ரோட்டில் படும் மேல்பகுதியின் வரிகள்) புதுசாக இருந்தாலும் 10 ஆண்டு தாண்டிய டயரை மாட்டாதீர்கள்.

இன்னோவா, எர்டிகா மாதிரி வண்டிகளில் ஸ்டெப்னி அடியில் தொங்குகிறது. சேறும் மழைநீரும் பட்டு, அதை இறக்கும் அமைப்பு துருப்பிடித்து இறுகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கிப் பாருங்கள். புது காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்: டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் விதி மாறியது. கிட்டில் உள்ள பசை ஆணிக்குத்துக்கு உதவும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு உதவாது.

மாட்டும்போது, முதலில் இடம். மேடுபள்ளம் இல்லாத கெட்டித் தரை வேண்டும். அதற்காகக் கொஞ்ச தூரம் மெதுவாக உருட்டிப் போய் அந்த டயர் வீணானாலும் பரவாயில்லை. ஹசார்டு விளக்கு, ஹேண்ட் பிரேக், முதல் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'. எல்லோரையும் இறக்கிவிட்டு, 50 மீட்டர் பின்னால் முக்கோணத்தை வையுங்கள். பஞ்சரான சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்துக்கு இருபுறமும் கல். பின்சக்கரத்தைத் தூக்கும்போது இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இடப்பக்கமாக அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். பிறகு கதவுக்கு அடியில் உள்ள இரும்பு மடிப்பில், இரண்டு வெட்டுக்குறிகளுக்கு நடுவே ஜாக்கி. வேறு இடத்தில் வைத்தால் தகடு உள்வாங்கும். தூக்கியதும் ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கவையுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல்தான் இறங்கும். கழற்றிய சக்கரத்தை அங்கே மாற்றி வைத்துவிட்டு ஸ்டெப்னியை எடுங்கள். எந்த நேரத்திலும் உடம்பு வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

நட்டு எல்லாம் கழன்றும் சக்கரம் வரவில்லையா? சக்கரம் உட்காரும் நடுப்பகுதியான ஹப்பில் துரு பிடித்திருக்கும். ஜாக்கியில் நிற்கும் வண்டியை உதைக்காதீர்கள். நட்டுகளைக் கையால் லேசாகப் போட்டு, அடியில் வைத்த டயரை எடுத்துவிட்டு வண்டியை இறக்கி, கல்லை நகர்த்தி ஓரிரு அடி முன்னும் பின்னும் நகர்த்தினால் பிடி விடும்.

ஸ்டெப்னியை ஏற்றி எல்லா நட்டையும் கையால் முறுக்கியபின், வண்டியை இறக்கி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். நட்டில் எண்ணெய் விடாதீர்கள். அதே பலத்துக்குக் கூடுதலாக இறுகி போல்ட் நீளும்.

மெலிதான டயர் என்றால், முன்சக்கரம் இழுக்கும் காரில் அதை முன்னால் போட வேண்டாம். அதைப் பின்னால் மாட்டி, அங்கிருந்த நல்ல சக்கரத்தை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். இரட்டை வேலைதான், ஆனால் திருப்பமும் பிரேக்கும் நம்பும்படி இருக்கும்.

50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் முறுக்க வந்தால், கடைசி இறுக்கலைக் கை ஸ்பேனரால் செய்யச் சொல்லுங்கள். கன் கண்மூடி இறுக்கிய நட்டை அடுத்த பஞ்சரில் வண்டியோடு வந்த குட்டை ஸ்பேனரால் அசைக்கவே முடியாது.