சவுண்ட் கார்டை ஒலிச் சேவையகத்திடம் திருப்பிக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடபழனியில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்காக, தம்புரா ஒலியை இடைவிடாமல் வாசிக்கும் நிரலை சி மொழியில் எழுதிக் கொடுத்திருந்தேன். லினக்ஸ் கணினி. எல்லா நிரல்களின் ஒலியையும் கலந்து கார்டுக்கு அனுப்பும் ஒலிச் சேவையகமான பல்ஸ்ஆடியோவை ஒதுங்கச் சொல்லிவிட்டு, லினக்ஸின் அடிமட்ட ஒலி இடைமுகமான ஆல்சா வழியாகச் சவுண்ட் கார்டை அந்த நிரல் தனக்கு மட்டும் என்று பிடித்துக்கொள்ளும். சுருதி பிசகாமல் வாசித்தது. ஆனால் அதை மூடிய பிறகு, பிரவுசரில் எந்த வீடியோவைப் போட்டாலும் முதல் நொடியிலேயே நின்றது. அங்கிருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தவறு என்னுடையது. “கார்டை மீண்டும் எடுத்துக்கொள்” என்று சேவையகத்துக்குச் சொன்ன அடுத்த வரியிலேயே இணைப்பைத் துண்டித்திருந்தேன். அப்படிச் சொல்லும் செயற்கூறு (ஃபங்ஷன்) கோரிக்கையை வரிசையில் வைத்துவிட்டு உடனே திரும்பிவிடும். பிழை எதுவும் காட்டாது. மெயின் லூப் (நிரலின் முதன்மைச் சுழற்சி) ஓடினால்தான் கோரிக்கை சாக்கெட் (சேவையகத்துடனான இணைப்பு) வழியே போய்ச் சேரும். பதில் வந்ததும் அழைக்கப்படும் கால்பேக் வந்து, அது வெற்றி என்று சொன்ன பிறகே துண்டிக்க வேண்டும்.

இதைச் சோதிக்கும்போது ஒன்று கவனியுங்கள். பல்ஸ்ஆடியோ காட்டும் ஒலிச் சாதனப் பட்டியலில் ‘சஸ்பெண்டட்’ (இடைநிறுத்தம்) என்று இருந்தாலே கோளாறு என்று பொருளல்ல. வழக்கமான அமைப்பில் 5 நொடி சத்தமில்லாமல் இருந்தாலே பல்ஸ்ஆடியோ கார்டைத் தானாக உறங்க வைக்கும். ஏதாவது ஒன்றை ஒலிக்கவிட்டு, விழிக்கிறதா என்று பாருங்கள்.

வரிசையும் முக்கியம். ஆல்சாவை மூடாமலே சேவையகத்தை அழைத்தால், அது கார்டைத் திறக்க முயன்று ‘பிஸி’ பிழையோடு திரும்பும். மூடுவதற்கு முன் ‘டிரெயின்’ செய்யுங்கள், அதாவது மிச்சமுள்ள ஒலி வாசித்து முடியும்வரை காத்திருங்கள்; ‘க்ளோஸ்’ மட்டும் போதாது, அது மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். நொடிக்கு 48,000 பிரேம் (ஒலித் துணுக்கு) வேகத்தில் 24,000 பிரேம் மிச்சமிருந்தால், கடைசி அரை நொடி காணாமல் போகும். தம்புராவின் மீட்டு பாதியில் அறுபடுவதைக் காது உடனே கண்டுபிடித்துவிடும். நான்-பிளாக்கிங் (எதற்கும் காத்திருக்காத) முறையில் கார்டைத் திறந்திருந்தால் ‘டிரெயின்’ காத்திருக்காமல் ‘பிறகு வா’ என்ற பிழையோடு திரும்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிரலை நிறுத்தக் கண்ட்ரோல்-சி அழுத்தினால் ஓடும் சிக்னல் ஹேண்ட்லர் என்ற செயற்கூறுக்குள் இந்த வேலைகளைச் செய்யாதீர்கள். அங்கே ஒரு கொடியை மட்டும் உயர்த்திவிட்டு, முதன்மைச் சுழற்சி அதைப் பார்த்து முறையாக விடுவிக்கட்டும். ஃபோர்க் செய்த (நிரல் தன்னையே நகலெடுத்து உருவாக்கிய) சேய் நிரல், திறந்த கார்டைக் குறிக்கும் ஃபைல் டிஸ்கிரிப்டரின் பிரதியை வைத்திருந்தால், தாய் நிரல் மூடினாலும் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) கார்டை விடாது.

நிரலால் தடுக்கவே முடியாத ‘சிக்கில்’ (SIGKILL) சிக்னலால் கொல்லப்பட்டால் உங்கள் நிரலின் ஒரு வரியும் ஓடாது. கார்டைக் கெர்னல் மூடிவிடும். ஆனால் ஒதுங்கியிருக்கும் சேவையகத்தை அழைக்க ஆளிருக்காது. அதனால் இப்போது அந்தக் கூடத்தில் நிரலைப் ‘பாசஸ்பெண்டர்’ என்ற கட்டளையின் கீழ் ஓட விட்டிருக்கிறேன். நிரல் எப்படி முடிந்தாலும், அது வெளியே காத்திருந்து சேவையகத்தை எழுப்பிவிடுகிறது.