பல்லைப் பிடித்துப் பார்ப்பதில் நேரும் பிழைகள்

திருவாரூர்ப் பக்கத்து மாட்டுத் தரகர் உம்பளாச்சேரிக் காளையின் கீழுதட்டை விரலால் இறக்கிப் பார்த்து "நாலு பல்லு" என்று சொல்லிவிட்டால், வயது ஏறத்தாழ மூன்று என்பது அதோடு தீர்ந்தது. அழிந்துபோன அசைபோடும் விலங்குகளை ஆராய்பவருக்கு அந்த வசதி இல்லை. முன்பற்கள் எளிதில் உதிர்ந்து தொலைந்துவிடுவதால், அவர் கைக்கு வருவது பெரும்பாலும் தனித்த கடைவாய்ப்பல் ஒன்றுதான். விலங்கு எதைத் தின்றது என்பதையும் அதை வைத்தே அவர் ஊகிக்க வேண்டும். அந்த ஒற்றைப் பல்லில் விலங்கின் வாழ்வு பல காலங்களாகப் பதிந்திருக்கிறது என்பதை மறப்பதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

பல்லின் உயரத்தை எடுத்துக்கொள்வோம். உயரமான பல் இருந்தால் புல்மேயும் விலங்கு என்று உடனே எழுதிவிடுகிறார்கள். பல்லைத் தேய்ப்பது புல்லில் உள்ள சிலிக்கா மட்டுமன்று. தீவனத்தோடு வாய்க்குள் போகும் மண்ணும் தூசியும் தேய்க்கின்றன. வட அமெரிக்காவின் பிராங்ஹார்ன் என்னும் மான்போன்ற விலங்கு பெரும்பாலும் செடிகளையும் குறும்புதர்களையும் தின்றாலும் உயரமான பற்களைக் கொண்டது. மேலும், பல்லின் உயரம் ஓர் இனம் தலைமுறை தலைமுறையாக எதற்குப் பழகியது என்பதைக் காட்டுமே தவிர, அந்த ஒரு விலங்கு எதைத் தின்றது என்பதைக் காட்டாது.

நுண்ணோக்கியில் தெரியும் கீறல்களிலும் குழிகளிலும் இதற்கு நேர்மாறான பிழை நிகழ்கிறது. அவை சில நாள்கள் அல்லது வாரங்களில் அழிந்து புதிதாக உருவாகின்றன. தை அறுவடைக்குப் பின் தாளை மேயும் மாடும், ஆடியில் வாய்க்கால் கரையில் பச்சைப் புல்லைக் கடிக்கும் அதே மாடும் இருவேறு தேய்மானங்களைக் காட்டக்கூடும். ஆகவே, இறப்பதற்குச் சற்று முன் தின்றதை ஆயுள் முழுவதும் தின்றதாக எழுதக் கூடாது.

எனக்கு மிகவும் சுவையாகப் படுவது கார்பன் ஐசோடோப்பில், அதாவது எடையில் வேறுபடும் கார்பன் அணு வகைகளின் விகிதத்தில், நேரும் பிழை. நம் வைக்கோற்போரே அதற்குச் சான்று. ஒளிச்சேர்க்கை முறையைப் பொறுத்துத் தாவரங்களைச் சி3, சி4 என்று பிரிப்பார்கள். மரம், செடி, கொடிகள் பெரும்பாலும் சி3 வகை. வெப்பநாட்டுப் புற்களில் பெரும்பாலானவை சி4 வகை. கனமான கார்பன் அணுவாகிய கார்பன்-13இன் அளவு, ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டால், முன்னவற்றில் சராசரியாக ஆயிரத்துக்கு −27 ஆகவும், பின்னவற்றில் −13 ஆகவும் இருக்கும்; பெரிய அசைவிலங்கின் எனாமலில் (பல்லின் கடினமான வெளிப்பூச்சில்) அது ஏறத்தாழ 14 கூடிப் பதிகிறது. எனவே −13 என்றால் தழை தின்றது, +1 என்றால் புல் தின்றது என்று முடிவுகட்டுகிறார்கள். ஆனால் நெல் சி3 வகைப் புல். வைக்கோல் மட்டுமே தின்று வளர்ந்த தஞ்சாவூர் மாடு, மரத்தழையை நிமிர்ந்தே பார்த்திராவிட்டாலும், எனாமலில் தழை தின்றதன் எண்ணையே காட்டும். அருகம்புல்லிலும் சோளத்தட்டையிலும் வளர்ந்திருந்தால் எண் மாறிவிடும். இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் மலைப்பகுதியில் சி4 புற்கள் பரவியது சுமார் 80 முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்பதால், அதற்கு முந்தைய பல்லில் சி3 எண் வந்தால் அது தழையா புல்லா என்று தேய்மானத்தையும் சேர்த்துப் பார்க்காமல் சொல்ல இயலாது.

உறவை வைத்து உணவை ஊகிப்பதும் தவறு. 1836-இல் சிவாலிக் புதைபடிவங்களைக் கொண்டு பெயரிடப்பட்ட சிவாதீரியம் ஒட்டகச்சிவிங்கியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் அதுவும் மரத்தழையே தின்றிருக்கும் என்று தோன்றும். கென்யாவின் துர்க்கானா படுகையில் கிடைத்த பற்களோ, காலப்போக்கில் அது சி4 புல்லுக்கு மாறியதைக் காட்டுகின்றன.

எந்தப் பல்லில் மாதிரி எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் கன்று பால்குடிக்கும் பருவத்திலேயே உருவாகிவிடுவதால், அதில் தாய்ப்பாலின் சுவடும் கலந்திருக்கும். மூன்றாவது கடைவாய்ப்பல்லே பொருத்தமானது. எனாமலுக்குப் பதிலாக அதனடியில் உள்ள டென்டைனைச் சுரண்டினால், புதைந்து கிடந்தபோது அதில் ஊறிய மண்ணின் வேதியியலைத்தான் பெரும்பாலும் அளக்க நேரும்.

இனி உள்ளூர்ப் பிழை ஒன்று. வாய்க்கால் தூர்வாரும்போது கறுத்த மாட்டுப்பல் கிடைத்தால், அதைப் புதைபடிவம் என்று பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். களிமண்ணில் சில காலம் கிடந்தாலே பல் கறுத்துவிடும். டெல்டாவின் மேல்மண்ணும் புவியியல் கணக்கில் மிக இளையது. பழமை வேண்டுமென்று கொள்ளிடத்தைக் கடந்து அரியலூருக்குச் சென்றாலும் பயனில்லை. அங்குள்ள கிரெட்டேசியக் கடற்படிவுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. அசைபோடும் விலங்குகள் அப்போது தோன்றியிருக்கவே இல்லை. அந்தப் பாறையில் கூரிய பல் கிடைத்தால் அது சுறாவினுடையதாக இருக்கலாம், மாட்டினுடையதாக இருக்க வழியில்லை.